ஏரி தாங்கும் அளவு

நகரசபைக் கூடத்தின் நீள மேசைமேல் காலை வெயில் கிடக்கிறது. ஏரித் தண்ணீரைச் சோதிக்கும் அதிகாரி சுவரிலுள்ள படத்தைத் தொட்டுக் காட்டுகிறார். "இந்த பூமி மொத்தமா எவ்வளவு உரம் தாங்கும்னு ஒரு எல்லை இருக்கு. அதுல நம்ம ஏரியோட பங்கு இவ்வளவுதான். நாம ரெண்டு மடங்கு கலக்குறோம். அதான் மீன் சாகுது." ஊரிலேயே அதிகம் உரம் போடும் தோட்டக்காரர் எழுகிறார். சண்டைக்குத்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். "உரத்துக்கு அளவு வச்சுச் சட்டமாவே போட்டுடுங்க. என் தோட்டத்துலேர்ந்து ஆரம்பிங்க," என்கிறார். "ஏரியில செத்த மீனை அள்ளி அள்ளி என் தங்கச்சி கை ஓஞ்சுபோச்சு." சட்டத்துக்கு ஆதரவாகக் கைகள் ஒவ்வொன்றாக உயர்கின்றன. மீன் செத்து மிதந்த நாளிலிருந்து அவரோடு பேசாத தங்கை, கடைசி வரிசையிலிருந்து புறங்கையால் கண்ணைத் துடைத்தபடி வந்து, அவர் பக்கத்தில் உட்கார்கிறாள். பாட்டிலைத் திறந்து நீட்டுகிறாள். "தண்ணி குடிண்ணே."