ரெண்டு நாள் பல்லு

இதுவரைக்கும் நாலு பெண்களைப் பல்லைக் காரணம் காட்டியே வேண்டாம் என்று சொன்னவள் ஆதிலட்சுமி.

"மூக்கும் முழியும் நல்லாதான் கீது. பல்லுதான் மஞ்சளா கீது. பல்லு வெளக்கக்கூட தெரியாத பொண்ண கட்டிக்கினு எம் புள்ள இன்னா பண்ணுவான்?" என்று பெண் வீட்டுக் கூடத்திலேயே சொல்லிவிட்டு எழுந்து வருவாள். பத்து ஏக்கர் நஞ்சை இருக்கிறவள் எதையும் சொல்லலாம்.

அந்த ஆதிலட்சுமி இப்போது உத்திரமேரூரில் ஒரு பல் டாக்டரிடம் வந்திருந்தாள். மகன் ஹரி நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தான். மேல்வரிசை முன்பல் ஆறிலும் பழுப்புக் கறை.

"எங்க ஊரு போர் தண்ணி அப்டி டாக்டர். புள்ள மேல தப்பில்ல," என்றாள்.

அந்த நாலு பெண்கள் மட்டும் என்ன தண்ணீர் குடித்தார்களோ.

"கறையை மறைக்கணும்னா பல்லு மேல மெல்லிசா ஓடு மாதிரி ஒட்டணும்மா. வெனீர்னு பேரு. அதுல ரெண்டு வகை இருக்கு," என்றார் டாக்டர். "காம்போசிட்னா இன்னிக்கே இங்கயே பண்ணிடலாம். அஞ்சு வருஷம் வரும். டீ, காப்பி குடிக்கக் குடிக்க நிறம் கொஞ்சம் மங்கும். செராமிக்னா பல்லைக் கொஞ்சம் ராவி, அளவெடுத்து, சென்னை லேபுக்கு அனுப்பணும். பத்து, பதினஞ்சு வருஷம் உழைக்கும். நிறம் மாறாது. ஆனா ராவின பல்லு திரும்ப வளராது. யோசிச்சு சொல்லுங்க."

"செராமிக் இன்னா வெல?"

"ஒரு பல்லுக்கு பத்தாயிரம்."

"அந்தக் காசுக்கு கறவ மாடே வாங்கிடலாமே."

"அப்ப காம்போசிட் போட்டுடலாமா?"

"அது மங்கிடும்ன்றீங்க. நாளைக்கு வர்றவ பாத்து சிரிப்பா."

இதுவும் வேண்டாம், அதுவும் வேண்டாம். டாக்டர் பொறுமைசாலி.

"ஒண்ணு செய்யலாம். பசை போடாம சும்மா டிரையல் வச்சுக் காட்டறேன். கண்ணாடியில பாருங்க, வீட்ல பேசிட்டு வாங்க. ரெண்டு நாள் தாங்கும். கெட்டியா எதையும் கடிக்கக் கூடாது. கடிச்சா பேந்து கையில வந்துடும்."

"டிரையலுக்குக் காசு உண்டா?"

"இல்லம்மா."

ஆதிலட்சுமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ரெண்டு நாள் போதும். நாளைக்குத்தான் பொண்ணு பாக்கப் போறோம். அந்தப் பொண்ணு பல்லு எப்டி கீதோ. போட்டோல வாய மூடிக்கினு கீறா."

மாஸ்க்கும் தொப்பியும் போட்டிருந்த உதவியாளர் பெண் சீட்டு எழுத வந்தாள். "பேரு, ஊரு சொல்லுங்க ஆன்ட்டி."

ஆதிலட்சுமி சொன்னாள். அந்தப் பெண் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாள்.

மறுநாள் காலை, பெண் வீடு. பெண்ணின் பெயர் பூஜா. ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை என்று தரகர் பச்சமுத்து சொல்லியிருந்தார். எந்த ஆஸ்பத்திரி, என்ன வேலை என்றெல்லாம் ஆதிலட்சுமி கேட்டுக்கொள்ளவில்லை. அவள் பார்க்க வந்தது வேறு.

பூஜா காப்பித் தட்டோடு வந்து நின்றாள்.

"எங்க, கொஞ்சம் சிரிமா பாக்கலாம்."

பூஜா சிரித்தாள். முன்பல்லில் இரண்டு பழுப்புக் கோடு.

"நெனச்சேன்," என்றாள் ஆதிலட்சுமி. "பல்லு வெளக்குற பழக்கம் கீதா இல்லியா?"

"இந்தப் பக்கத்து தண்ணி அப்டிங்க," என்றார் பூஜாவின் அப்பா சுப்பிரமணி. அவர் குரல் இறங்கிவிட்டது.

"எல்லாரும் சொல்ற கததான் இது. நாங்களும் போர் தண்ணிதான் குடிக்கிறோம். எம் புள்ள பல்லப் பாருங்க. பால் மாதிரி கீது. ஹரி, வாயத் தொறடா."

ஹரி தலையைக் குனிந்துகொண்டே வாயைத் திறந்தான். பெண் வீட்டார் ஆறு வெள்ளைப் பல்லையும் பார்த்தார்கள். பூஜாவின் அம்மா புஷ்பா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பூஜாவும் பின்னாலேயே போனாள்.

சுப்பிரமணி மட்டும் மரியாதை விடவில்லை. முறுக்குத் தட்டை ஹரி பக்கம் நகர்த்தினார்.

"சம்பந்தம் அமையுது, அமையல. அது வேற. வந்த வூட்ல வாய் நனைக்காம போவக் கூடாது தம்பி. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க."

"அவனுக்கு முறுக்கு ஆவாது," என்றாள் ஆதிலட்சுமி அவசரமாக.

"எங்க கை பட்டத சாப்பிட மாட்டாரா?"

பச்சமுத்து நெளிந்தார். இதற்கு மேல் மறுத்தால் அது வேறு அவமானம். ஹரி அம்மாவைப் பார்த்தான். அம்மா சுவரைப் பார்த்தாள். அவன் ஒரு முறுக்கை எடுத்து வாய்க்குக் கொண்டு போனான்.

உள்ளேயிருந்து வேகமாக வந்த பூஜா அந்த முறுக்கை அவன் கையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்தாள். பதிலுக்கு ஒரு கிண்ணம் கேசரியை அவன் முன்னால் வைத்தாள்.

ஆதிலட்சுமி எகிறினாள். "வாய்க்குப் போறத புடுங்குறியே, இன்னா வளர்ப்புமா இது? பல்லும் சரியில்ல, பழக்கமும் சரியில்ல."

பூஜாவுக்குக் கோபம் வரவில்லை. காப்பி டம்ளரை எடுப்பது போல் குனிந்து, ஆதிலட்சுமிக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"கெட்டியா கடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே, மறந்துட்டீங்களா ஆன்ட்டி? நேத்து நான் மாஸ்க் போட்டுக்கினு இருந்தேன், அதான் உங்களுக்கு என்னை அடையாளம் தெரில."