வெல்டு ஆறும் வரை

கும்மிடிப்பூண்டியில் கார் பாடி செய்கிறோம். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு உருகி எஃகுக்குள் இறங்கினால் விரிசல் விடும்.

"வெல்டு ஆறும் வரை அழுத்திப் பிடிச்சா விரிசல் வராது சார். வண்டி மோதினா அங்கதான் பிளக்கும்," என்று எத்தனையோ முறை சொன்னேன்.

"லைன் ஸ்லோவாயிடும். காலேஜ் பாடத்தை இங்க ஒப்பிக்காத," என்பார் மேலாளர் வெங்கட்ரமணன்.

நேற்று அவரே வந்தார். "உன் முறையில ஒரு பாடி பண்ணும்மா."

மனம் மாறிவிட்டார் என்று நம்பினேன். சோதித்ததில் ஒரு விரிசலும் இல்லை.

"கெலிச்சிட்டீங்க மேடம்," என்றார் ஆபரேட்டர் அன்புராஜ்.

"சார், இனிமே எல்லாத்துக்கும் இதே செட்டிங்தானே?"

"வேணாம். பழசுக்கே மாத்திடு."

"அப்ப இதை மட்டும் எதுக்குப் பண்ணச் சொன்னீங்க?"

பாடி நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொண்டே சொன்னார்: "இது என் பொண்ணுக்குப் புக் பண்ண வண்டி."