வீட்டு வேலையில் ஆண்களின் பங்கு

"டீ கிடைக்குமா?"

சோபாவிலிருந்து குரல் வந்தது. குரல் மட்டும்தான் வந்தது. கணவன் எழுந்திருக்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மனைவி பல்லைக் கடித்தாள். பக்கத்து நாற்காலியில் மடிக்காத துணி மலையாகக் கிடந்தது. அடுப்பில் பால் வைத்திருந்தாள். கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை.

"ஏங்க, கொஞ்சம் இங்க வந்து இதைப் பாருங்களேன்."

"அங்கிருந்தே படி. காது நல்லாத்தான் கேட்குது."

"ஆண்கள் தினமும் சராசரியா ரெண்டு மணி நேரம் வீட்டு வேலை செய்யறாங்களாம்!"

"பார்த்தியா? யார் சொன்னது?"

"அரசாங்கப் புள்ளிவிவரம்."

"அப்புறமென்ன? அரசாங்கமே சொல்லிடுச்சு."

"எந்த ஆண்கள்? யார் கண்ணுலயாவது பட்டிருக்காங்களா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? பால் பொங்குது, போய்ப் பாரு."

ஓடினாள்.

அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சியே அதுதான். வீட்டு வேலையில் ஆண்களின் பங்கு. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று எழுதத்தான் ஆரம்பித்தாள். கல்யாணமான நாளிலிருந்து களப்பணி செய்து வருகிறவள், தெரியாதா?

ஆனால் வழிகாட்டிப் பேராசிரியை ரொம்பக் கறார். இணையத்தில் பார்த்தேன், வாட்ஸ்அப்பில் வந்தது என்ற பேச்செல்லாம் அவரிடம் எடுபடாது. ஆண்கள் தினமும் ஒன்பதே நிமிஷம் வேலை செய்கிறார்கள் என்று ஒரு தளத்தில் பார்த்து, துள்ளிக் குதித்து அவரிடம் கொண்டுபோனாள்.

"இதை யார் கண்டுபிடிச்சது?" என்றார் பேராசிரியை.

தேடிப் பார்த்தாள். அந்தத் தளம் இன்னொரு தளத்தைக் கை காட்டியது. அது மூன்றாவது ஒன்றைக் காட்டியது. மூன்றாவது சுற்றி வந்து முதல் தளத்தையே ஆதாரம் என்றது.

"இது புள்ளிவிவரம் இல்லம்மா, ராட்டினம். யார் கேட்டாங்க, எத்தனை பேரைக் கேட்டாங்க, எப்படிக் கேட்டாங்க? இந்த மூணும் தெரியாத எண்ணை என்கிட்ட கொண்டு வராதே. நேரா புள்ளியியல் துறை தளத்துக்குப் போ."

போனாள். மூன்றும் சுத்தமாக இருந்தன. கூடவே இந்த ரெண்டு மணி நேரமும் இருந்தது.

டீயைக் கொண்டுபோய் சோபாவுக்குக் கொடுத்துவிட்டு, பேராசிரியைக்குப் போன் போட்டாள்.

"மேடம், இந்தக் கணக்கை நம்பவே முடியலை."

"உனக்குப் பிடிக்கலைன்னா தப்பான கணக்காயிடுமா?"

"ஆம்பளைங்க பொய் சொல்லியிருக்காங்க மேடம். கேட்க வந்தவங்க முன்னாடி சும்மா அளந்து விட்டிருக்காங்க."

"இருக்கலாம். அதுக்கும் ஆதாரம் வேணுமே. இல்லைன்னா இந்த எண்ணை ஒத்துக்கிட்டு அத்தியாயத்தை மாத்தி எழுது. திங்கட்கிழமை ஆராய்ச்சிக் குழு கூடுது, மறந்துடாதே."

போனை வைத்தவளுக்கு அழுகை முட்டியது. மாற்றி எழுதுவதா? பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, கண் எரிய எரிய எழுதிய ஆராய்ச்சி. அந்த ஓர் எண்ணை ஒத்துக்கொண்டால் எல்லாம் குப்பைக்குப் போகும்.

"எவனோ பொய் சொல்லுவான், என் பட்டம் போகணுமா?" என்று சோபாவைப் பார்த்துக் கத்தினாள்.

"நான் என்னம்மா பண்ணேன்?" என்றான் கணவன்.

"ஒண்ணும் பண்ணலை. அதான் பிரச்சினையே!"

அழைப்பு மணி அடித்தது. வாசலில் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஒரு பெண்.

"புள்ளியியல் துறையிலிருந்து வர்றேன் மேடம். வீட்டுல யார் என்ன வேலை, எவ்வளவு நேரம் செய்யறாங்கன்னு ஒரு கணக்கெடுப்பு. இந்தத் தெருவுல உங்க வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்காங்க."

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. தேடி அலைந்த ஆதாரம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது! ஒரே ஓர் ஆள்தான். இருந்தாலும் ஓர் அடிக்குறிப்புக்காவது தேறும்.

"வாங்க, வாங்க! உட்காருங்க. முதல்ல அவரைக் கேளுங்க."

சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அளந்து விடட்டும். எவ்வளவுதான் விடுகிறான், பார்க்கலாம்.

கணவன் அன்றைக்கு முதல்முறையாக எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நேத்து சமையல் வேலை எவ்வளவு நேரம் செஞ்சீங்க சார்?"

அவன் தலையைச் சொறிந்தான். மனைவியை ஒரு பார்வை பார்த்தான்.

"செய்யலைங்க."

"பாத்திரம் கழுவறது?"

"இல்லைங்க."

"துணி துவைக்கிறது, மடிக்கிறது? பிள்ளைங்களைக் குளிப்பாட்டுறது?"

"எல்லாம் அவங்கதான். நான் ஒண்ணுமே பண்றதில்லைங்க. பூஜ்யம்னு போட்டுக்கோங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. ஆனா தப்பான கணக்கு கொடுத்தா, அதை வச்சு ஆராய்ச்சி பண்றவங்க பாவம் இல்லையா? என் வீட்டுலயே ஒருத்தங்க அழாத குறையா உட்கார்ந்திருக்காங்க."

வந்த பெண் டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தாள். ஐயோ பாவம், எப்படிப்பட்ட ஆள்கிட்ட வந்து மாட்டியிருக்கே என்ற பார்வை.

மனைவிக்குச் சுருக்கென்றது. முகம் சூடாகிப்போனது. கட்டிய கையைப் பிரித்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் வந்தாள்.

"அவர் எப்பவும் இப்படித்தாங்க, செய்யறதை வெளிய சொல்லிக்கவே மாட்டார். நீங்க ரெண்டரை மணி நேரம்னு போட்டுக்கோங்க!"