அழாத பிள்ளை

மகளின் முன்கை வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது.

பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்தவளை ஆயாம்மா தூக்கிவந்து அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தார். தகவல் கிடைத்ததும் ஓடும் பஸ்ஸைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்தவள் அம்மா. கண்டக்டர். கழுத்தில் விசில் இன்னும் தொங்கியது.

வலிக்கு ஊசி போடச் சொல்லி வந்ததிலிருந்து கேட்கிறாள். நர்ஸிடம், டாக்டரிடம், மறுபடி நர்ஸிடம். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பக்கத்துக் கட்டில் பையன் கத்தி ஊரைக் கூட்டினான். அவனுக்கு உடனே ஊசி வந்தது, தூங்கிவிட்டான். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது இங்கே சட்டம் போலிருக்கிறது.

அவள் மகளோ முனகக்கூட இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, நல்ல கையால் அம்மாவின் காக்கிச் சட்டையைப் பற்றியிருந்தாள். கால் விரல்கள் மட்டும் சுருண்டு சுருண்டு விரிந்தன.

அதை யார் பார்த்தார்கள்?

எலும்பை இழுத்து நேராக்க வேண்டும் என்றார் டாக்டர். மயக்க மருந்து கொடுத்தால் பக்கத்திலேயே ஒருவர் இருந்து மூச்சைக் கவனிக்க வேண்டுமாம், அதற்கு ஆள் இல்லையாம். இவ்வளவு சமர்த்துப் பிள்ளைக்கு அது எதற்கு, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்றார். வலித்தால் பிள்ளை அழாதா என்று அம்மாவிடமே திருப்பிக் கேட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளின் கையை முறித்துவிட்டு இதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. நெரிசலில் ஒரு பஸ்ஸையே அடக்குகிற வாய் அவளுக்கு. ஆனால் சண்டை போட்டால் அந்தக் கோபத்தைப் பிள்ளையின் கையில் காட்டிவிடுவாரோ என்று பயந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் மகளின் கையைப் பிடித்தார்.

மகள் காக்கிச் சட்டையை இழுத்தாள். அம்மா குனிந்ததும் காதில் கிசுகிசுத்தாள்.

"ரொம்ப வலிக்குதும்மா. அழுதா உன்ன வெளிய அனுப்பிடுவாங்களாம். நீ வர்றதுக்கு முன்னாடியே அந்த நர்ஸ் அக்கா சொல்லிட்டாங்க."

அம்மா நிமிர்ந்து நர்ஸைப் பார்த்தாள். பிறகு கட்டில் கம்பியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அழுடி தங்கம். நல்லா கத்தி அழு. என்னை எவன் வெளிய அனுப்புறான்னு நான் பாத்துக்கிறேன்."

மகள் கத்திய கத்தலில், ஊசி போட்டுத் தூங்கிய பக்கத்துக் கட்டில் பையன்கூட விழித்துக்கொண்டான்.

டாக்டர் அவள் கையிலிருந்து தன் கையை எடுத்தார்.