மஞ்சள் முடிப்பு

“பெருமாள் மேல ஆணையாச் சொல்லு லட்சுமம்மா. எதிராளிப் பெட்டியில போட்டியா?”

திருமலைக் கொடிமரத்தருகே நின்று, தம்பி மனைவியைக் கேட்டார் வேதாச்சலம். மலையேறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. முதுகு மட்டும் வளையவில்லை.

“பெத்த புள்ளைக்கே துரோகம் பண்ணுவேனா மாமா? அந்தப் பெட்டிங்க பக்கம் என் கை போயிருந்தா அழுகிப் போவட்டும்!” லட்சுமம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் மகன் சந்திரன்தான் தேர்தலில் நின்றவன். ஆந்திர ராஜ்யம் பிரிந்த பிறகு வந்த முதல் தேர்தல். நகரிப் பக்கத்துத் தமிழ் ஊர்களை மெட்ராசோடு சேர்க்கச் சட்டசபையில் பேசுவேன் என்று, தராசுச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றான். ஒரு தெருவின் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றான். ஜெயித்தவர் அந்த ஊர்களுக்குத் தலையைக்கூடக் காட்டாதவர்.

தோல்வியை வேதாச்சலம் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறு.

ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. பெட்டி மேல் அவரவர் சின்னம். ஓட்டுச் சீட்டை வாங்கிப் போய், திரைக்குப் பின்னால் வேண்டிய பெட்டியில் போட வேண்டும். அவர் தெருப் பெண்களின் வாக்குச்சாவடியிலிருந்து வந்த தராசுப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை. மற்றப் பெட்டிகளில் எவ்வளவு என்று கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

“வேதாச்சலம் ஊட்டுப் பொம்பளைங்களே அவரு பேச்சைக் கேக்கலியாமே!” சித்தூரில், ஓட்டு எண்ணும் இடத்து வாசலில் ஒருவன் சொல்ல, கூட்டமே சிரித்தது.

அத்தனைக்கும், ஓட்டுக் கேட்டு வந்தவர்களை வாசற்படியோடு திருப்பி அனுப்பியவர் அவர்தான். சந்திரனின் ஆட்களையும் விடவில்லை. தம் வீட்டுப் பெண்களிடம் வெளியாள் வந்து பேசுவதாவது! சந்திரனோ ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தான். ஆகவே தேர்தலுக்கு முதல் நாள் அவரே தெருப் பெண்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்.

“சீட்டு தங்கம் மாதிரி. கண்ட பெட்டியிலயும் போட்டுடாதீங்க. நம்ம சந்திரன் ஜெயிக்கணும்.”

“எப்படிப் போடறது, இன்னா ஏதுன்னு…” என்று இழுத்தாள் மனைவி ரத்தினம்மா.

“பொம்பளைங்களுக்கு அந்த வெவரமெல்லாம் எதுக்கு?”

பேச்சு அதோடு முடிந்தது.

இப்போது தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சத்தியம் செய்தார்கள். ஒருத்திக்கும் குரல் தடுமாறவில்லை. பெருமாள் எதிரில் பொய் சொல்கிறவர்கள் அல்ல. பின்னே ஓட்டெல்லாம் எங்கே போயிற்று? அவருக்கு யோசிக்கவும் தெம்பில்லை.

பெண்கள் உண்டியலுக்கு நகர்ந்தார்கள். ஆளுக்கொரு மஞ்சள் துணி முடிப்பு, நேர்த்திக்கடன். கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒவ்வொருத்தியும் உள்ளே போட்டாள். வழியில் ரத்தினம்மாவின் முடிப்பை அவர் ஒரு நிமிடம் வாங்கிப் பிடித்திருந்தார். காற்றைக் கட்டி வைத்தாற்போல் கனமே இல்லை. காசு முடியக்கூட மனம் வராதவளா இவள் என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். முதல் முறையாக முதுகு வளைந்தது.

ரத்தினம்மா முகமெல்லாம் மலர்ச்சியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னாத்துக்கு இவ்ளோ சந்தோசம்?” என்றார் சலிப்போடு. “அவன்தான் தோத்துப் பூட்டானே. இனிமே வேண்டிக்கினு இன்னா ஆவப்போவுது?”

“தோத்துட்டான்னு எவன் சொன்னது? கண்ட பெட்டியில போடாம பத்திரமா வச்சிருந்து, எங்க ஓட்டுச் சீட்டையெல்லாம் இப்பத்தானே பெருமாள் உண்டியல்ல போட்டுட்டு வர்றோம்!”