அரை மணி நேரம் போதும்

"இன்னும் எம்புட்டு நேரம் தம்பி? நாலு மணிக்கு நான் சோழவந்தான்ல நிக்கணும்!"

மதுரை கோரிப்பாளையத்து கார் ஆடியோ கடை வாசலில், காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் மாதிரி நடந்துகொண்டிருந்தார் பால்பாண்டி. அவருடைய பழைய காரைக் கொடுத்துவிட்டு, வெற்றிலை வியாபாரி சங்கிலியின் காரை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. சங்கிலி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதுதான் பாக்கி. இன்று தட்டிப்போனால் வேறு ஆள் கிடைக்காது.

"கைமாறப் போற வண்டிக்கு எதுக்குண்ணே ரெண்டு வூஃபர் ஸ்பீக்கர்?" டிக்கிக்குள்ளிருந்து தலையை நீட்டினான் கடைக்காரன் ஹரிஷ்குமார்.

"சங்கிலிக்குப் பாட்டுன்னா உசுருப்பா. நீ வேலையப் பாரு."

இரண்டு வூஃபர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக, சீரிஸில் இணைத்து சிடியைப் போட்டான். பதமாகத்தான் அதிர்ந்தது. பால்பாண்டியின் முகம் தொங்கிவிட்டது.

"என்னப்பா, நோயாளி கொட்டுன மேளம் மாதிரி இருக்கு? சீட்டு ஆட வேணாமா?"

"பேரலல்ல, தனித்தனியா குடுத்தா ஆடும்ணே. ஆனா ஆம்ப்ளிஃபயர் தாங்காது. சூடேறி அரை மணி நேரத்துல அடி நின்னு போகும்."

"அரை மணி நேரம் போதும்! மாத்து!"

ஹரிஷ்குமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடா சிரிப்பு?"

"ஒண்ணுமில்லண்ணே" என்று வயரை மாற்றினான். இந்த முறை கடைக் கண்ணாடியே நடுங்கியது.

வழியெல்லாம் பாட்டைப் போடாமலே வந்தார் பால்பாண்டி. சோழவந்தானில் பாட்டைப் போட்டுவிட்டு வண்டியைக் கொடுக்க, சங்கிலி பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தார். பக்கத்தில் பால்பாண்டி உட்கார்ந்திருந்தார். சத்தத்தைக் குறைக்க சங்கிலி கையை நீட்டும்போதெல்லாம், "நல்ல பாட்டு, இருக்கட்டும் மாப்ள" என்று தடுத்தார்.

"அருமைண்ணே! மாத்திக்குவோம். நம்ம வண்டியிலயும் வூஃபர் இருக்கு, பாட்டு கேட்டுக்கிட்டே போங்க" என்று சாவியை நீட்டினார் சங்கிலி.

மனசு மாறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று பால்பாண்டி சங்கிலியின் காரில் அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மதுரை ரோட்டைப் பிடித்தார். அதன்பிறகுதான் மூச்சே சீராக வந்தது. பழைய வண்டியில் இருந்தது மூன்று மெக்கானிக்குகள் கைவிரித்த கியர்பாக்ஸ்! பாட்டை நிறுத்தினால் கடகடவென்று ஊரைக் கூட்டும். இனி அது சங்கிலி பாடு. டும் டும் என்ற அடிக்கு ஸ்டியரிங்கில் தாளம் போட்டார்.

சமயநல்லூரைத் தாண்டியதும் அந்த அடி பட்டென்று நின்றது. மிச்சமிருந்த மெல்லிய பாட்டுக்குக் கீழே, அவருக்கு நன்றாகப் பழக்கமான சத்தம் கேட்டது. கடகட... கடகட...

ஓரங்கட்டி, சங்கிலி கொடுத்த காரின் டிக்கியைத் திறந்தார். கையைச் சுட்ட ஆம்ப்பின் மேல், ஹரிஷ்குமார் கடை ஸ்டிக்கர் புத்தம் புதிதாக ஒட்டியிருந்தது.