தெரிந்தவர்

ஹெப்சிபா அந்த வெளிநாட்டு நிறுவனத்தின் ஊழியர் அல்ல, கூட்டாளி அல்ல, முகவர் அல்ல என்று ஒப்பந்தத்தின் பக்கம்தோறும் எழுதியிருந்தது. வீட்டிலிருந்து தனியாக வேலை செய்துகொடுப்பவர்களுக்கு அப்படித்தான் எழுதுவார்களாம். கடைசிப் பக்கத்தில் மட்டும், அவளை நேரில் அறிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்றிருந்தது.

"தெரிஞ்சவங்க யாரையாச்சும் வரச் சொல்லும்மா," என்றார் நோட்டரி வக்கீல்.

அவள் செல்போனில் பெயர்களை மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள்; ஒருவரையும் கூப்பிடவில்லை. வக்கீலுக்குப் பொறுமை போய்விட்டது. வாசலில் டைப் அடித்துக்கொண்டிருந்த துளசிங்கத்தைக் கூப்பிட்டார். முன்பின் பார்த்திராத எத்தனையோ பேரைத் தெரியுமென்று கையெழுத்துப் போட்டவர் அவர்.

பேனாவைத் திறந்துகொண்டே, "எத்தினி வருசமா பழக்கம்னு போடட்டும்மா?" என்று கேட்டார்.

ஹெப்சிபா செல்போனைப் பைக்குள் போட்டாள்.

"சின்ன வயசுலேர்ந்துன்னு போடுங்கண்ணே."